இறங்க மறுத்த ஆண்டெனாக்கள்

கோபுர வாரியத்தைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது. நானும் அந்த வாரியத்தின் கோபுரத்துக்குக் கீழேதான் குடியிருக்கிறேன். எங்கள் பகுதி முழுவதற்கும் கம்பியில்லா இணையம் தருவது அந்த ஒற்றைக் கோபுரம். தருகிறது என்பதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். மாதம் பிறந்தால் கட்டணம் வாங்குகிறார்களே, தராமலா வாங்குவார்கள்?

வாரியத்தின் நல்ல மனதைப் புரிந்துகொள்ளாமல் அதனிடம் போய் மாட்டிக்கொண்டவர், எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வம்புதும்புக்குப் போகாத மனிதர். அவருடைய மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேளாது. வீட்டில் எல்லோரும் கைகளால்தான் பேசிக்கொள்வார்கள். அந்த அம்மாள் பல்செட் செய்வதில் கெட்டிக்காரர். வெளியூரில் நல்ல வேலை ஒன்று கிடைத்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் போயிருந்தார். மகளுக்கு நாலு வயது. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால் செய்தி எழுதி அனுப்பிப் பயனில்லை. அம்மாவுக்குக் கேட்காது என்பதால் போனில் பேசியும் பயனில்லை. மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்து அவர் மடிக்கணினியைத் திறந்து வைப்பார். திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கைகள் பேசும், இந்தப் பக்கம் மகளின் கைகள் பேசும். தாயும் மகளும் ஒன்றாக இருப்பது அந்த அரைமணி நேரம்தான்.

அந்த அரைமணியின் பெரும்பகுதி அம்மா அசையாமல் நின்றார். ஒருநாள் வலது கை காதருகே, ஒருநாள் வாய் பாதி திறந்தபடி, ஒருநாள் இரண்டு கைகளிலும் எதையோ ஏந்தியபடி. எதை ஏந்தினார் என்று தெரிவதற்குள் அவருக்கு மறுபடி வேலைக்குப் போகிற நேரம் வந்துவிடும். முதலில் மகள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு திரைக்கு முன்னால் பொம்மைகளைப் பரப்பி விளையாடினாள். பிறகு அறையைவிட்டே போக ஆரம்பித்தாள்.

“அம்மா போட்டோவாயிட்டாங்கப்பா,” என்றாள் ஒருநாள். “போட்டோகிட்ட என்ன பேசறது?”

அதே வாரம், பசிக்கிறது என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு வாயால் சொன்னாள். கடைக்காரர் சோற்றைப் பிசைந்து கொடுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்படியே போனால் ஓராண்டு கழித்துத் திரும்பி வரும் தாயிடம் பேச மகளிடம் ஒரு சொல்கூட மிஞ்சாது. அந்தப் பயம்தான் அவரை வாரியத்தின் படியேற வைத்தது.

குறைகேட்கும் பிரிவில் ஓர் அம்மையார் இருந்தார். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

“எத்தனை கோடு தெரியுது?”

“அஞ்சுங்க.”

“மொத்தமே எத்தனை கோடு?”

“அஞ்சுதாங்க.”

“அப்ப ஆறாவது கோடு கேக்கறீங்களா?”

“கோடெல்லாம் இருக்குங்க. படம்தான் நகர மாட்டேங்குது.”

“நாங்க தர்றது கோடு. நகர்றது உங்க வீட்டம்மா பொறுப்பு.”

“அவங்க நகர்ந்துகிட்டுதாங்க இருக்காங்க.”

“அது எப்படிச் சொல்றீங்க? நீங்கதான் பாக்கலையே.”

கடைக்காரர் கைப்பேசியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கேள்விக்கு எனக்கும் இதுவரை பதில் கிடைக்கவில்லை. திகைத்துப்போய் வெளியே வந்தவரை, பொதுமக்கள் இணையப் பிரிவின் தலைவரான பொறியாளர் அடையாளம் கண்டுகொண்டார். அவர் மூக்கின் மேலிருந்த கண்ணாடி நம் கடைக்காரர் தேய்த்துக் கொடுத்தது. விஷயத்தைக் கேட்டதும் அவரைக் கையைப் பிடித்துக் கோபுரத்தின் அடிக்குக் கூட்டிப்போனார்.

“அண்ணாந்து பாருங்க.”

கோபுரம் அடியிலிருந்து ஒல்லியாகவே போய் நுனியில் மட்டும் பெருத்திருந்தது. குடிநீர், தீயணைப்பு, வானிலை, நூலகம் என்று எல்லாப் பிரிவுகளின் ஆண்டெனாக்களும் உச்சிப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. பொதுமக்கள் இணையத்தின் ஆண்டெனாவும் அந்த நெரிசலில்தான் சிக்கியிருந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அதற்குக் கீழே தரைவரைக்கும் வெறும் இரும்பும் காற்றும்.

“பக்கத்துல ஒருத்தர் உங்க காதுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தா, தெருக்கோடியில இருந்து கூப்பிடறவங்க குரல் கேக்குமா?” என்றார் பொறியாளர்.

“கேக்காது.”

“அதேதான். நம்ம ஆண்டெனா உங்க வீட்டுல இருந்து வர்றதைக் கேக்கணும்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது. இந்தப் பக்கம் குடிநீர் கத்துது. அந்தப் பக்கம் நூலகம் கத்துது.”

“நூலகமா?”

“நூலகம்தான் ரொம்ப.”

“கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்னா?”

“ரெண்டு ஆள் உயரம் இடைவெளி விட்டாப் போதும். எல்லாம் சரியாயிடும்.”

“அப்ப ஒண்ணை இறக்கிடலாமே?”

பொறியாளர் சட்டென்று சுற்றும்முற்றும் பார்த்தார். “அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க,” என்றார் மெதுவாக.

இதை விளக்க வாரியத்தின் மரபு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பிரிவின் தலைவர் எந்தப் பதவியில் இருக்கிறாரோ, கோபுரத்தில் அந்தப் பதவிக்கு உரிய படியில்தான் அவர் பிரிவின் ஆண்டெனா நிற்கும். முன்பு சிலர் பெரியவர்களாகவும் சிலர் சிறியவர்களாகவும் இருந்ததால், ஆண்டெனாக்களும் மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளி நின்றன. யாரும் திட்டமிடாமலே இணையம் நன்றாக வந்துகொண்டிருந்தது. பிறகு வாரியத்துக்கு வெள்ளிவிழா வந்தது. விழாவை முன்னிட்டு எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் ஒரே நாளில் முதல்நிலைக்கு உயர்த்தினார்கள். மறுநாள் காலை ஆட்கள் ஏறி எல்லாவற்றையும் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். இணையம் படுத்தது அன்றைக்குத்தான். விழாக் கூட்டத்தால் ஏற்பட்ட தற்காலிகத் தடங்கல் என்று வாரியம் அப்போது ஒரு விளக்கம் கொடுத்தது, அதை இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

கடைக்காரரின் மனுமீது வாரியம் நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இயக்குநரே தலையிட்டார். ‘கேட்கவில்லை என்றால் உரக்கப் பேச வேண்டும்’ என்று குறிப்பெழுதி, பொதுமக்கள் இணைய ஆண்டெனாவின் திறனைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். அடுத்த நாள் குடிநீர்ப் பிரிவுக்கு எதுவும் கேட்கவில்லை, அவர்களும் கூட்டினார்கள். அதைப் பார்த்துத் தீயணைப்பு கூட்டியது. நூலகம் சும்மா இருக்குமா? வார இறுதிக்குள் வானிலைப் பிரிவு தன் கருவிகளை நம்ப முடியாமல், ஜன்னல் வழியே கையை நீட்டி மழை பெய்கிறதா என்று பார்த்துச் சொல்லும் நிலைக்கு வந்தது. தீயணைப்புப் பிரிவு சைக்கிளில் ஆளனுப்பி எங்கே தீ என்று விசாரித்தது. கோபுரத்தின் திறன் வரலாறு காணாத உயரத்தைத் தொட்டுவிட்டதாக இயக்குநர் அறிவித்தார். அதுவும் உண்மைதான்.

கடைக்காரர் வீட்டுத் திரையில் இப்போது அம்மாவே வரவில்லை. அவர் இருந்த இடத்தில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

“இதாவது நகருதே,” என்றாள் மகள்.

கடைக்காரர் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் அவர் தொல்லை தாங்காமல், இடைவெளி ஆய்வுக் குழு என்ற ஒன்றை வாரியம் அமைத்தது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொள்பவர் என்ற முறையில் அவரையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள்.

கூட்ட அறையில் ஒரு நீள மேசை. அதன் தலைமாட்டில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். முதல்நிலை அதிகாரிகள் எல்லோரும் அவருக்குப் பக்கத்தில் உட்காரும் தகுதி பெற்றவர்கள். ஆகவே எல்லோரும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இருந்தது. குடிநீரின் கோப்பையிலிருந்து தீயணைப்பு தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் என்ன சொன்னார் என்று சுருக்கெழுத்தருக்குப் புரியாததால், ஒவ்வொரு முறையும் ‘ஒருமனதாக’ என்று எழுதிக்கொண்டார். மேசையின் மற்றப் பகுதி முழுவதும் காலி. கடைக்காரர் அங்கே போய் ஒரு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“அவர் ஏன் அங்க உக்காந்திருக்கார்?” என்று கேட்டார் இயக்குநர்.

“இங்க இடம் இருந்துச்சுங்க,” என்றார் கடைக்காரர்.

“இடம் இருந்தா உக்காந்துடுவீங்களா?”

அந்த நேரத்தில் பொறியாளர் நெரிசலுக்குள்ளிருந்து ஒரு கையை எப்படியோ விடுவித்து உயர்த்தினார். “சார், யாரையும் நகர்த்த வேணாம். எல்லா ஆண்டெனாவையும் ஒரே கடிகாரத்துல கோத்துட்டா, எல்லாம் ஒரே நேரத்துல பேசும், ஒரே நேரத்துல கேக்கும். ஒண்ணு கேக்கும்போது இன்னொண்ணு கத்தாது.”

“கேக்கறதா?” என்றார் இயக்குநர். “வாரியம் எதுக்குய்யா கேக்கணும்? வாரியம் பேசும். கேக்கறதுக்குத்தான் பொதுமக்கள் இருக்காங்க.”

பிறகு அவர் எழுந்து நின்று உரையாற்றினார். எழுந்ததும் கிடைத்த இடத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் அதிகாரிகள் சரிந்துவிட்டதால், உரை முடிந்த பிறகும் அவரால் உட்கார முடியவில்லை.

“இந்த நாற்காலிக்கு வர எனக்கு முப்பது வருஷமாச்சு. எனக்கு மேல இருந்தவங்க சொன்னது ஒருநாளும் எனக்குப் புரிஞ்சதில்ல. நான் சொன்னது எனக்குக் கீழ இருந்தவங்களுக்குப் புரிஞ்சதில்ல. ஆனா நிர்வாகம் நின்னுச்சா? நிக்கல. ஏன்? யாரும் ஒரு படிகூட இறங்கல. இன்னைக்கு ஓர் ஆண்டெனா இறங்கும். நாளைக்கு அதோட அதிகாரி இறங்கணும்பாங்க. அப்புறம் அதிகாரி எதுக்குன்னு கேப்பாங்க. இதுக்கெல்லாம் இடம் கொடுத்தா, கடைசியில இணையம் மட்டும்தான் மிஞ்சும்.”

கைதட்ட யாருக்கும் கையை எடுக்க இடமில்லை. ஆகவே தலையை ஆட்டினார்கள்.

கடைக்காரருக்கு இதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. “சார், எனக்கு மேல கீழ எல்லாம் தெரியாதுங்க,” என்றார். “என் பொண்ணு அவ அம்மாவை மறந்துகிட்டிருக்கா. அவ்வளவு இடம் சும்மா கிடக்கும்போது நீங்க எல்லாரும் ஏன் இப்படி நசுங்கிக்கிட்டு நிக்கிறீங்க?”

அந்த அறையில் முதல்முறையாக ஒருவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது. அதனாலேயே அது பெரிய அவமதிப்பாகிவிட்டது.

“இவரைக் கூட்டிக்கிட்டு வந்தது யாரு?” என்றார் இயக்குநர்.

எல்லா முழங்கைகளும் பொறியாளரைக் காட்டின. தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பொதுமக்கள் இணையப் பிரிவு கடைசி நிலைக்கு இறக்கப்படுகிறது. அதன் ஆண்டெனா கோபுரத்தின் கடைசிப் படிக்குப் போக வேண்டும். அதன் பொறியாளர் மேசையின் கடைசி நாற்காலிக்குப் போக வேண்டும்.

“கீழ கிடந்து பாருங்க,” என்றார் இயக்குநர். “அப்பதான் மேல இருக்கறதோட அருமை தெரியும்.”

தண்டனை மறுநாளே நிறைவேற்றப்பட்டது. எங்கள் பகுதி வீடுகள் எல்லாம் குட்டையானவை. கோபுரத்தின் கடைசிப் படியே எங்கள் கூரைகளுக்கு மேலேதான் இருந்தது.

அன்று மாலை கடைக்காரர் வழக்கம்போல மடிக்கணினியைத் திறந்து வைத்தார். அம்மா திரையில் வந்தார். கையை அசைத்தார். அசைந்துகொண்டே இருந்தார். இன்று என்ன சாப்பிட்டாய் என்று முழுதாகக் கேட்டு முடித்தார். பொம்மையோடு வாசலில் நின்ற மகள் அதை அங்கேயே போட்டுவிட்டு மெதுவாகத் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பவள்போல, எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள்.

“நான் இங்கேதான் இருந்தேன்,” என்றன அம்மாவின் கைகள். “தினமும் வந்தேன். நீதான் நின்றுபோயிருந்தாய்.”

கடைக்காரர் அடுப்படிக்குப் போய் நின்று அழுதார். இதை அவரே என்னிடம் சொன்னார், வெட்கப்படாமல் சொன்னார். நானும் கேட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் பகுதியில் இணையம் ஆறாகப் பாய்ந்தது. குறைகேட்கும் பிரிவுக்கு யாரும் போகவில்லை. அந்த அம்மையார் வேலையில்லாமல் நகம் வெட்டிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. இங்கேதான் ஆபத்து முளைத்தது. ஒருநாள் பொறியாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு வந்தார்.

“எங்க பிரிவுக்குப் பாராட்டு வரப்போகுது,” என்றார்.

“நல்ல விஷயம்தானே?”

“குறையே வராத பிரிவுக்குப் பதவி உயர்வுன்னு வாரியத்துல ஒரு விதி. முதல்நிலைக்கு ஏத்திடுவாங்க. ஆண்டெனாவும் ஏறிடும்.”

கடைக்காரரின் கையிலிருந்த கண்ணாடிச் சட்டம் கீழே விழுந்தது. “ஐயா, நீங்க வேணாம்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“பதவி உயர்வை வேணாம்னு சொல்றவனுக்குப் பைத்தியம்னு மருத்துவ விடுப்பு கொடுத்துட்டு, ஆண்டெனாவை ஏத்திடுவாங்க.” பொறியாளர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “உண்மையைச் சொன்னா எனக்கும் ஏற மனசில்ல. அந்தக் கடைசி நாற்காலியில யாரும் என்னை எதுவும் கேக்கறதில்ல. டீ ஆறாமக் குடிக்கிறேன். விளக்கு வைக்கறதுக்கு முன்னால வீட்டுக்குப் போயிடறேன், என் மாமியாரே சந்தேகமாப் பாக்கறாங்க.”

“அப்ப என்னதான் செய்யறது?”

“குறை சொல்லுங்க. நிறையச் சொல்லுங்க. கஷ்டப்படறோம்னு தெரிஞ்சாத்தான் அப்படியே விட்டுவைப்பாங்க.”

மறுநாள் காலை குறைகேட்கும் பிரிவின் வாசலில் வரிசை நின்றது. கண்ணாடிக் கடைக்குப் பார்வை சோதிக்க வந்தவர்கள் எல்லோரும், பார்வை சரியாக இருக்கிறதோ இல்லையோ, அங்கே அனுப்பப்பட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவர் மைத்துனி நிஜமாகவே கண்ணீர் விட்டார், வெங்காயம் எதுவும் இல்லாமல். நானும் என் பங்குக்கு ஒரு கோடுகூட வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் கைப்பேசியில் ஒரு முழுப் படம் பார்த்தேன். அம்மையாருக்குப் பழைய களை திரும்பிவிட்டது.

பதவி உயர்வு நின்றது. ஆனால் நாங்கள் கொஞ்சம் அதிகமாக அழுதுவிட்டோம் போலிருக்கிறது. தான் கொடுத்த தண்டனை இவ்வளவு நன்றாக வேலை செய்வதைக் கேள்விப்பட்டு, அதைக் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு மாலை, முன்கூட்டிச் சொல்லாமல், பொறியாளரையும் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே மடிக்கணினி திறந்திருந்தது. அம்மா மகளுக்கு ஒட்டகச்சிவிங்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தின் நீளத்தைக் காட்ட வலது கையைத் தலைக்குமேல் முழுதாக உயர்த்தியிருந்தார். கதவைத் திறந்த கடைக்காரர் இயக்குநரையும், அவருக்குப் பின்னால் கண்ணை உருட்டிக்கொண்டிருந்த பொறியாளரையும் பார்த்தார். வாயால், “வாங்க சார், உக்காருங்க,” என்றார். முதுகுக்குப் பின்னால் திரையைப் பார்த்தபடி இருந்த கை, அசையாதே என்றது.

அம்மா அப்படியே நின்றார். தூக்கிய கை தூக்கியபடி, பாதிச் சிரிப்பு பாதியிலேயே. மகள் அப்பாவின் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளும் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

இயக்குநர் திரைக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“இப்படித்தான் நிக்குமா?”

“தினமும் இப்படித்தாங்க,” என்றார் கடைக்காரர்.

“கண்ணு இமைச்ச மாதிரி இருந்துச்சே.”

“எப்பவாவது ஒரு சொட்டு இணையம் வரும் சார்,” என்றார் பொறியாளர்.

“அந்தச் சொட்டையும் நிறுத்த முடியுமா பாருங்க,” என்றார் இயக்குநர். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். “இதைத்தான் நான் நினைச்சேன். இந்த அம்மா முகத்தைப் பாருங்க. என்னமோ சொல்ல வந்து, சொல்ல முடியாம நிக்கிறாங்க. கீழ இருக்கறவங்க நிலைமை இதுதான்னு நாலு பேருக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் மேல வரணும்னு ஆசை வரும். மேல வந்தாலும் இப்படித்தான் நிக்கும், அது வேற விஷயம். ஆனா மரியாதையா நிக்கும்.”

அவர் வாரியத்தின் தொடக்க காலத்திலிருந்து பேசினார். தன் முதல் பதவி உயர்வைப் பற்றியும், அதற்கு அடுத்ததைப் பற்றியும் பேசினார். அவருக்குக் குறுக்கே யாரும் பேசவில்லை, யாரும் முழங்கையால் இடிக்கவில்லை, யாரும் அசையக்கூட இல்லை. இவ்வளவு நல்ல சபை தனக்கு வாய்த்ததே இல்லை என்று பிறகு பொறியாளரிடம் சொன்னாராம். திரையில் அந்த அம்மாளின் தோள் நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பொறியாளர் நகர்ந்து வந்து, தற்செயலாக நிற்பதுபோலத் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் இயக்குநர், தன் பதவிக்காலம் உள்ளவரை இந்தப் பிரிவு ஒரு படிகூட ஏறாது என்று ஆணையிட்டுவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். குழந்தை அப்போதும் அசையவில்லை.

கதவைச் சாத்தியதும் கடைக்காரர் திரும்பி, போய்விட்டார் என்று கையால் சொன்னார். அம்மா கையை இறக்கித் தோளைப் பிசைந்துகொண்டார். யார் அது, இவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று கேட்டார்.

வீட்டுக்கு யார் வந்து என்ன பேசினாலும் ஒன்று விடாமல் மனைவிக்குக் கையால் சொல்லிவிடுவது கடைக்காரரின் வழக்கம். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். எங்கிருந்து தொடங்குவது என்று தேடினார். சொல்வதற்கு எதுவும் அகப்படாமல் கைகளைக் கீழே போட்டார்.

மகள் அப்பாவைத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தாள்.

“அவர் ஒன்றும் சொல்லவில்லை அம்மா,” என்றன அவளுடைய கைகள், தட்டுத்தடுமாறாமல். “ஒட்டகச்சிவிங்கி அப்புறம் என்ன செய்தது?”

அம்மா வலித்த கையை மறுபடியும் தலைக்குமேல் உயர்த்தினார்.